தண்ணீர் குடிக்கும் பையும் என் கடத்தூர்ப் புளியும்

அப்துல் ரஷீத் பாய்க்கு நான் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் தர வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அல்ல, ஆஸ்பத்திரிக்கு வாங்கியதும் அல்ல. கப்பலில் போன புளி கெட்டுப்போனதால் என் தலையில் விழுந்த கடன். அதை எப்படி அடைத்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவள் என் மகள் எழிலரசி. சங்கதி முழுக்க என்னுடையது.

என் பெயர் தீர்த்தம்மாள். கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற ரோட்டில் வந்து, புளிக் கொட்டாய் எங்கே என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பச்சைத் தகரம் போட்ட கொட்டாய், முன்னால் பெரிய சிமெண்டுக் களம். இடம் வாடகை. மேலே நிற்கிற ஒவ்வொரு தகரமும் என் காசு. பதினைந்து பெண்கள் என்னிடம் கூலி வாங்குகிறார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கொஞ்சம் தடுமாறும், எண் தடுமாறாது.

யாரும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. பாவாடை கட்டிய வயதில் தருமபுரி மண்டியில் கூலிக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்தவள் நான். மற்றவர்கள் ஒரு மூட்டை முடிக்கும் நேரத்தில் நான் ஒன்றரை முடிப்பேன். பொய் என்றால் அந்தக் காலத்து மண்டிக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். பிறகு ரோட்டோரப் புளியமரங்களை ஏலம் விட்டபோது ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே நின்று ஏலம் கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்கும்மா மரம், ஊஞ்சல் கட்டவா?" என்றார் ஒருவர். அந்த வருஷம் அந்த மரங்கள் எனக்குக் கொடுத்த காசில்தான் கொட்டாய்க்கு முதல் தகரம் வாங்கினேன்.

அப்துல் ரஷீத் பாய் தருமபுரியில் பெரிய புளி வியாபாரி. மலேசியாவுக்கு அனுப்புகிறவர். கொட்டை எடுத்து, நார் நீக்கி, அச்சுப்பெட்டியில் அமுக்கி, கட்டியாக்கி, அட்டைப்பெட்டியில் போட்டுத் தருகிற வேலையை என்னிடம் முழுதாக ஒப்படைத்தார். புளியும் என்னுடையது, வேலையும் என்னுடையது. முதல் கண்டெய்னர் ஐப்பசி மழையில் கிளம்பிப் போனது. கண்டெய்னர் என்றால் ஒரு வீட்டு நீளத்துக்கு இரும்புப் பெட்டி. கதவைச் சாத்தி முத்திரை வைத்துவிட்டால் அந்தக் கரையில்தான் திறப்பார்கள்.

திறந்தார்கள். பாயின் மகன் முதசிர் செல்போனை எடுத்துக்கொண்டு என் கொட்டாய்க்கு வந்தான்.

"ஆயா, இந்த வீடியோவப் பாருங்க. மேல கூரையைப் பாருங்க."

"ஆயான்னு கூப்புடாதே. ஆயா வூட்ல குந்திக்கினு வெத்தல இடிப்பா. நான் தொழில் பண்றவ."

"சரிங்க ஓனரம்மா. கூரையப் பாருங்க."

இரும்புக் கூரையின் உள்பக்கம் முழுக்க நீர்முத்துகள். ஒவ்வொன்றும் பெருத்துப் பெருத்துச் சொட்டுகிறது. மேல் வரிசை அட்டைப்பெட்டிகள் நனைந்த அப்பளம் மாதிரி குழைந்து கிடந்தன. ஒருவன் ஒரு பெட்டியைப் பிரித்தான். என் புளியின் மேல் வெள்ளையாகப் பூசணம். நான் பெற்ற பிள்ளைக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"கூரையில ஓட்டையா?" என்று கேட்டேன்.

"ஓட்டையே இல்லீங்க. வெளியிலேருந்து ஒரு சொட்டு உள்ள போவல. உள்ளுக்குள்ளயே மழை."

அவன் விவரமாகச் சொன்னான். பகலில் வெயிலில் பெட்டி கொதிக்கும், உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் ஆவியாகிக் காற்றில் ஏறும். ராத்திரி கடல் காற்றில் இரும்பு குளிர்ந்துவிடும். அந்த ஆவி கூரையில் ஒட்டித் தண்ணீராகி, கீழே இருக்கிற சரக்கின் மேலேயே சொட்டும். அவன் பாதி சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது.

"இட்லிப் பானை மூடி," என்றேன்.

முதசிர் சிரித்துவிட்டான். "காலேஜ்ல இதை மூணு பக்கத்துக்குச் சொல்லிக் குடுத்தாங்க."

மறுநாள் தருமபுரியில் பாயின் கடைக்குப் போனேன். அவர் கத்துகிற மனிதர் அல்ல. அதுதான் அவரிடம் பயம்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க தீர்த்தம்மா. ஆனா அங்க சரக்கு எடுத்தவன் காசப் புடிச்சிக்கிட்டான். பாதிய நான் தாங்கறேன். மீதி ஒண்ணு எம்பது உங்க கணக்கு. அடுத்த கண்டெய்னர் ரம்ஜானுக்கு முன்னாடி அங்க போய்ச் சேரணும்."

"சேக்கறேன் பாய்."

"அதுவும் இப்பிடி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. கொட்டாய எனக்கு விட்டுடுங்க. தகரம், தராசு, அச்சு எல்லாம் சேத்து. கடன் தீந்துரும். நீங்களே அங்க மேஸ்திரியா இருங்க, மாசச் சம்பளம் தர்றேன்."

சம்பளம்! எனக்கு! என் தகரத்துக்குக் கீழே நானே இன்னொருவர் கையைப் பார்த்து நிற்பதா? சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பும்போது வேறு ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததை என் வீட்டுக்காரர் நஞ்சப்பனிடம்கூடச் சொல்லவில்லை.

இதற்கு மருந்து இருக்கிறது என்று சொன்னவனும் முதசிர்தான். ஒரு பார்சலைக் கொண்டுவந்து பிரித்தான். ஒரு கை நீளத்துக்கு வெள்ளைப் பை, மேலே கொக்கி. மேல் பாதியில் கல் உப்பு மாதிரி வெள்ளை உருண்டைகள். கீழ்ப் பாதி காலி. மாய்ஸ்ச்சர் அப்சார்பர் என்றான். கண்டெய்னர் சுவரில் தொங்கவிட்டால் அந்த உருண்டைகள் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து, கீழ்ப் பாதியில் தண்ணீராகச் சேருமாம். கால்சியம் குளோரைடு என்று அதன் மேல் எழுதியிருந்ததை எழிலரசி படித்துச் சொன்னாள். எனக்கு அது தண்ணீர் குடிக்கும் பை. இன்றுவரை என் கொட்டாயில் அந்தப் பெயர்தான்.

"குடிக்கறதுக்கு ஒரு பையா?" என்றாள் குள்ளம்மாள். என்னோடு மண்டியில் ஒரே சாக்கில் உட்கார்ந்து கொட்டை எடுத்தவள், இன்று என்னிடம் வேலை செய்கிறாள், வாய் மட்டும் அன்று போலவே. "எங்க வூட்டுக்காரரக் கொண்டாந்து உள்ள தொங்கவிடு. ஒரே ராத்திரியில பெட்டி காஞ்சிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் கொட்டாயை ஒரு பையை நம்பிக் கப்பலில் ஏற்ற நான் என்ன பைத்தியமா? சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டு நீல டிரம் வாங்கினேன், மூடி இறுக்கமாக இருக்கிற ரகம். இரண்டிலும் ஒரே நாள் அமுக்கிய புளி. ஒன்றில் பை, ஒன்றில் பை கிடையாது. காற்றின் ஈரத்தை எண்ணால் காட்டுகிற கடிகாரம் மாதிரி ஒன்றை எழிலரசி வரவழைத்துக் கொடுத்தாள். டிரம்களைத் தகரத்துக்கு அடியில் வைத்தோம். பகலில் அங்கே முட்டை வேகும், மார்கழி ராத்திரியில் பல் கிட்டும். கப்பல் போகிற கடலை நான் பார்த்ததில்லை. என் கொட்டாய்க்குள்ளேயே ஒரு கடல் செய்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திறந்தோம். பை இல்லாத டிரம்மின் மூடி சொட்டியது, சரி. பை இருந்த டிரம்மின் மூடியும் சொட்டியது! பை புடைத்து, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கு இடமில்லாமல் நிறைந்து தொங்கியது. நஞ்சப்பன் அந்தத் தண்ணீரை வாழைக்கன்றுக்கு ஊற்ற, கன்று கருகிப் போனது தனிக் கதை.

"பை போலி போலருக்குதுங்க," என்றான் முதசிர். "வேற கம்பெனில சொல்றேன்."

"போலின்னா எப்பிடிடா இத்தன தண்ணி குடிச்சிருக்கும்? அது ஒழுங்காத்தான் குடிச்சிருக்குது. எவளோ ஊத்தியிருக்கறா."

சொல்லிவிட்டேனே தவிர, எவள் என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் களத்தில் வேலை நடப்பதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். மதியம் குள்ளம்மாள் அச்சுப்பெட்டியில் புளியை அமுக்கிக்கொண்டிருந்தாள். இடது கை பக்கத்தில் இருந்த குண்டாவுக்குள் போய் வந்தது. அமுக்கினாள். மறுபடி குண்டா. அமுக்கினாள்.

எங்கள் பக்கத்தில் புளி அமுக்குகிற யார் பக்கத்திலும் அந்தக் குண்டா இருக்கும். உப்புத்தண்ணீர். கையை நனைத்துக்கொண்டு அமுக்கினால் புளி உள்ளங்கையில் ஒட்டாது, கட்டிக்கும் ஒரு பளபளப்பு வரும். மண்டியில் உட்கார்ந்த நாள் முதல் இப்படித்தான். மூச்சு விடுவது மாதிரி, யாரும் அதை ஒரு வேலையாக நினைத்ததே இல்லை.

நான் எழுந்து போய்க் குள்ளம்மாளின் குண்டாவை எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"காலைல ரொப்பித்தானே வெச்சே?"

"தளும்பத் தளும்ப."

"தண்ணி எங்க?"

"குடிச்சிட்டேன்! என்ன கேள்வி இது? கையில போச்சு."

"கையிலேருந்து?"

அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு புளியைப் பார்த்தாள். பிறகு வரிசையாக உட்கார்ந்திருந்த எல்லோருடைய குண்டாவையும் பார்த்தாள். எல்லாம் வற்றியிருந்தன. "அட கெரகமே," என்றாள்.

அவ்வளவுதான். காலையில் ஊற்றிய அத்தனை தண்ணீரும் சாயங்காலத்துக்குள் கட்டிக்குள் போய்விடுகிறது. உப்பு வேறு, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்களே பெட்டிக்குள் மழையை அடைத்து அனுப்பிவிட்டு, கடலைத் திட்டிக்கொண்டிருந்தோம். பை குடிக்க வேண்டியது உள்ளே நிற்கிற காற்றை. அதற்குப் புளியையே குடிக்கக் கொடுத்தால் கப்பல் பாதி வழி போவதற்குள் வயிறு நிறைந்து தூங்கிவிடும். இதைப் போனில் சொன்னதும் முதசிர், "ஓனரம்மா, நீங்க எங்கியோ போயிட்டீங்க," என்றான். நான் எங்கும் போகவில்லை, குண்டா பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அன்றே எல்லாக் குண்டாவையும் கவிழ்த்தேன். பாலிதீன் தாளை வெட்டி, கைக்கும் புளிக்கும் நடுவில் வைத்து அமுக்கச் சொன்னேன். அது போதாது, கட்டியாக்கும் முன் புளி களத்தில் நன்றாகக் காய வேண்டும் என்றேன். அங்கேதான் வெடித்தது.

"காயப் போட்டா எடை போவும்," என்றாள் குள்ளம்மாள். "எங்களுக்குக் கிலோ கணக்குல கூலி. போன எடைக்கு யாரு கூலி குடுப்பா, சூரியனா?"

மற்றவர்களும் தாளைக் கீழே வைத்துவிட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். கூலிக்கு உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த நியாயம் புரியும், நான் உட்கார்ந்தவள்.

"கொட்டை எடுத்ததும் ஈரத்தோட எடை போட்டு அதுக்குக் கூலி. அப்பறம் காயட்டும். போற எடை என் தலையில."

"எழுதித் தருவியா?"

"எனக்கு எழுத்து தடுமாறும்னு தெரிஞ்சே கேக்கறியா?"

சிரித்துவிட்டார்கள். தாள் திரும்பக் கைக்கு வந்தது. முதல் இரண்டு நாள் "கையே என் கை மாதிரி இல்ல" என்று முனகல். பிறகு பழைய வேகம் வந்தது. இன்னும் சொன்னால் கூடியது, நனைத்து நனைத்து எடுக்கிற நேரம் மிச்சமல்லவா?

காய்ந்த புளியை வைத்து டிரம் சோதனையை மறுபடி செய்தேன். இந்த முறை பை இல்லாத டிரம்மில் மூடி லேசாக வேர்த்தது. பை இருந்ததில் கடிகாரம் காட்டிய எண் நூற்றில் பாதிக்கும் கீழே. மூடியை என் முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். முந்தானை காய்ந்தே இருந்தது. அந்த முந்தானையோடு கொட்டாயை ஒரு சுற்று சுற்றி வந்தேன், ஒவ்வொருத்தி கையிலும் தொட்டுப் பார்க்கக் கொடுத்தேன்.

ரஷீத் பாய் ஒரு நாள் நேரில் வந்து கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பளபளப்பு இல்லியே. எடையும் கொறையுது."

"பூசணத்துக்குப் பளபளப்பு இருந்துச்சுங்களா பாய்? எடை கொறஞ்சா கிலோவுக்கு விலைய ஏத்திச் சொல்லுங்க. தண்ணி சேக்காத புளின்னு சொல்லுங்க."

"வாங்குவானா?"

"நீங்க சொல்ற மாதிரி சொன்னா வாங்குவான். உங்க வாய்க்குத்தானே நான் சரக்குத் தர்றேன்."

அவர் தாடியைத் தடவினார். போகும்போது ஒரு கட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் மனைவி அஸ்கரி பேகம் ரசம் வைத்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னதாகப் பிறகு முதசிர் சொன்னான். அவன் அம்மா லேசில் எதையும் நன்றாயிருக்கிறது என்று சொல்கிறவர் இல்லையாம்.

ஏற்றுகிற நாள் வந்தது. கண்டெய்னரை இழுத்துவரும் வண்டியின் டிரைவர் முனிராஜ் விடிந்ததும் வந்து நின்றான். ஓசூர்ப் பக்கத்துக்காரன், நல்ல பையன். களம் முழுக்கப் பனி. பத்து அடிக்கு அந்தப் பக்கம் ஆள் தெரியவில்லை.

"கதவத் தெறக்காதே. பனி கலையட்டும்," என்றேன். பனிக்காற்றை உள்ளே அடைத்து அனுப்பினால் அதுவும் ஈரம்தானே?

பனி விலகி வெயில் வந்ததும் திறந்தான். உள்ளே ஏறி நின்ற எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. கண்டெய்னரின் தரை மரப்பலகை. பலகை கறுத்து ஊறிக் கிடந்தது.

"எப்பிடி? கண்ணாடியாட்டம் இருக்குதில்ல?" என்றான் முனிராஜ் பெருமையோடு. "போன லோடு மொளகாய். ஒரே நெடி. உங்க புளியில வாடை ஏறிரக் கூடாதுன்னு நேத்து அதியமான்கோட்டைல சர்வீஸ்ல வுட்டு, என் காசுல கழுவிக்கினு வந்தேங்கம்மா."

அவனை என்னவென்று திட்டுவது? என் மேல் உள்ள மரியாதையில் செய்த வேலை. கடிகாரத்தைத் தரையில் வைத்தேன். தொண்ணூறைத் தாண்டியது.

மறுநாள் மதியத்துக்குள் கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குள் நுழைய வேண்டும். தவறினால் அந்தக் கப்பல் போய்விடும், அடுத்த கப்பலில் போனால் ரம்ஜான் சந்தையைப் பிடிக்க முடியாது. வேறு பெட்டி வரவழைக்க நேரமில்லை. ரஷீத் பாய்க்குப் போன் போட்டேன்.

"ஏத்திடுங்க தீர்த்தம்மா," என்றார். "அதான் பை தொங்குதே. அது பாத்துக்கும்."

"பாக்காது பாய். பலகையில இருக்கற தண்ணியவே குடிச்சு வயித்த ரொப்பிக்கும். கடல்ல வர்றத யாரு குடிப்பா?"

"நேரம் போனா கப்பல் போயிரும். ரெண்டுல எது ஆனாலும் கொட்டாய் உங்க கைய விட்டுப் போவும். தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க. அதனாலதான் காய வெச்சு ஏத்தறேன்."

போனை வைத்துவிட்டேன். பேசிக்கொண்டிருந்தால் பலகை காயுமா?

வண்டியைத் திருப்பிக் கதவு வெயிலைப் பார்க்க நிறுத்தச் சொன்னேன். நஞ்சப்பன் மினி லாரியில் போய் ரைஸ்மில்லில் இருந்து நெல் உமி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார். உமியைத் தரை முழுக்கக் கொட்டி, எல்லோரும் ஏறி மிதித்தோம். ஈரத்தை இழுத்துக்கொண்ட உமியைக் கூட்டித் தள்ளினோம். மறுபடி புது உமி. பந்தல் போடுகிறவரிடம் இரண்டு பெரிய மின்விசிறி வாடகைக்கு எடுத்து வாசலில் வைத்து உள்ளே ஓடவிட்டோம். சுவர், கூரை, மூலை எல்லாம் காய்ந்த சாக்கால் துடைத்தோம். முனிராஜும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையைத் துடைத்தான்.

"ஏங்கம்மா, எம் பொண்டாட்டி எஞ் சட்டையக்கூட இப்பிடிக் காய வெச்சதில்ல."

"உன் சட்டை மலேசியா போவுதா? தொடை," என்றாள் குள்ளம்மாள்.

மதியச் சோற்றுக்கு யாரையும் நான் விடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உச்சி வெயில் சாயத் தொடங்கியபோது பலகை பழைய மர நிறத்துக்குத் திரும்பியது. கடிகாரம் ஐம்பதுக்குக் கீழே வந்தது. நான் மண்டியிட்டுக் கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். சூடாக, காய்ந்து, சொரசொரவென்று இருந்தது. "ஏத்துங்கடி" என்றேன்.

அட்டைப்பெட்டிகள் கை மாறி மாறி உள்ளே போயின. சுவரில் இருக்கிற வளையங்களில் பைகளைத் தொங்கவிட்டோம். எட்டுப் போதும் என்று முதசிர் சொல்லியிருந்தான். நான் என் காசில் இன்னும் நான்கு வாங்கி மாட்டினேன். பெட்டிகளின் மேல் தடித்த காகிதம் விரித்தோம். வெளியே கண்டெய்னர் மேல் ஓரத்தில் சின்னச் சின்னக் காற்று ஓட்டைகள் இருக்கும், அவற்றையும் பட்டை நாடாவால் ஒட்டினோம். இல்லாவிட்டால் கடல் காற்று அந்த வழியாக உள்ளே வந்துகொண்டே இருக்கும், எத்தனை பைதான் குடிக்கும்? வெயில் இருக்கும்போதே கதவைச் சாத்தி முத்திரை வைத்தாயிற்று. முனிராஜ் ஹாரனை நீளமாக அடித்துக்கொண்டு போனான். மறுநாள் காலையில் "உள்ள போயிட்டேங்கம்மா" என்று துறைமுகத்திலிருந்து போன் செய்தான்.

அதன் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. கடலில் போகிற பெட்டியை யாராலும் போய்த் துடைக்க முடியாது. அந்த நாட்களில் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கேட்காதீர்கள். வானத்தில் மேகத்தைப் பார்த்தால் நஞ்சப்பனோடு சண்டை போட்டேன். பாவம், மேகத்துக்கு அவர் என்ன செய்வார்? எழிலரசி போனில் கப்பல் எங்கே போகிறது என்று காட்டினாள். நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் என் கொட்டாய் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் முற்பகல் முதசிர் பைக்கில் வந்து இறங்கினான். போனைப் பிடித்தபடியே கொட்டாய்க்குள் ஓடி வந்தான்.

"ஓனரம்மா, கதவத் தெறக்கறாங்க! இப்பவே! பாருங்க!"

பதினைந்து பெண்களும் புளியை அப்படியே போட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அந்தச் சின்னக் கண்ணாடியில் எங்கள் கண்டெய்னர் தெரிந்தது, நான் ஒட்டிய நாடாவோடு. முத்திரையை வெட்டினார்கள். கதவு திறந்தது.

ஒருவன் ஏறி உள்ளே போனான். கூரையில் உள்ளங்கையை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேய்த்தான். பிறகு அந்தக் கையைப் போனுக்கு நேரே காட்டினான். காய்ந்த கை!

அட்டைப்பெட்டிகள் நான் அடுக்கியது மாதிரியே நிமிர்ந்து நின்றன. சுவரில் பன்னிரண்டு பைகளும் கறக்காத எருமை மடி மாதிரி கீழே தொங்கித் தளும்பின. அத்தனை தண்ணீரும் என் புளி மேல் விழுந்திருக்க வேண்டிய தண்ணீர். ஒவ்வொரு பையிலும் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது என்பதையும் நான் பார்த்துக்கொண்டேன். ஒரு பெட்டியைப் பிரித்து, ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான் அந்த மனிதன்.

கொட்டாயே அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை. குள்ளம்மாள் மட்டும் போனுக்குள் எட்டிப் பார்த்து, "குடிச்சது போதும், அதுங்கள எறக்கி வுடுங்கப்பா, பாவம்," என்று அந்த மலேசியாக்காரனுக்கு உத்தரவு போட்டாள்.

குதித்த குதியில் நான் தராசு மேல் ஏறி நின்றிருக்கிறேன். அன்று என் எடை என்ன என்று இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தராசு என்னுடையது.

அந்த வாரமே ரஷீத் பாய் அடுத்த ஆர்டருக்குச் சொல்லி அனுப்பினார். இந்த முறை இரண்டு கண்டெய்னர். விலையும் கிலோவுக்கு ஏறியிருந்தது, நான் சொன்னபடி. இப்போது கம்பைநல்லூரிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் புளிக்காரர்கள் என் களத்துக்கு வந்து பார்க்கிறார்கள். குண்டாவைக் கவிழ்க்கத்தான் நான் முதலில் சொல்வேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எதுவும் சொல்வதில்லை. அவர்கள் கூரை அவர்களுக்குச் சொல்லும்.

சரக்குப் பணம் என் பேங்குக் கணக்கில் ஏறியதும், போய் எடுத்துக்கொண்டு நேராகத் தருமபுரிக்கு பஸ் ஏறினேன். இந்த முறை பஸ் மாறவில்லை. கடையில் ரஷீத் பாயும் முதசிரும் இருந்தார்கள்.

"இதுக்கு எதுக்குங்க இவ்ளோ தூரம்?" என்றார் பாய். "அடுத்த லோடுல கழிச்சுக்கறேன்னு சொன்னேனே."

"கழிக்கறது உங்க பேனா செய்யற வேலை. இது என் கை செய்ய வேண்டிய வேலை. கைய நீட்டுங்க பாய்."

"மேசை மேல வெய்யுங்க தீர்த்தம்மா."

"கைய நீட்டுங்க."

முதசிர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பாய் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, என் முன்னால் நின்று வலது உள்ளங்கையை விரித்தார். பேங்குக் கட்டு மூன்றை முதலில் வைத்தேன். அவை அவர் இடது கைக்குப் போயின. மீதி முப்பதாயிரம் உதிரி ஐந்நூறு ரூபாய் நோட்டு. விரலை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.

"லாபம்," என்று முதல் நோட்டை வைத்தேன். ஒன்று என்று சொல்லி நான் என்றைக்கும் எண்ணத் தொடங்கியதில்லை. "ரெண்டு. மூணு. நாலு."

கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலிலேயே நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாக எண்ணினேன். அவசரமே படவில்லை. பாயின் கை கனத்துக் கொஞ்சம் இறங்கியது, மறுபடி தூக்கிப் பிடித்தார். கடைசி நோட்டை அவர் உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினேன்.

"அறுபது."